சங்கக் கணக்கும் கம்ப்யூட்டரும்: ஓ.டி.பி.ஸி. டிரைவரை நிறுவி அமைக்கும் முறை

களத்தில் நெல்லைத் தூற்றி, அளந்து, மூட்டை கட்டி, வண்டியேற்றும் வரையில் குடியானவர் காட்டும் ஜாக்கிரதை பெரிது. ஒரு மரக்கால் குறைந்தாலும் அவர் கேட்காமல் விடுவதில்லை. ஆனால் அதே நெல் சங்கத்தின் கிடங்கில் இறங்கி, காகிதத்தில் எண்ணாக மாறிய பிறகு, அவ்வெண் எத்தனை கைகள் மாறிப் பட்டுவாடாப் பட்டியலுக்கு வந்து சேர்கிறது என்பதை அவர் கவனிப்பதில்லை. நஷ்டம் பெரும்பாலும் அவ்வழியில்தான் நேருகிறது.

உதாரணமாக, நானூறு அங்கத்தினரை உடைய ஓர் உற்பத்தியாளர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அங்கத்தினரும் கொணர்ந்த நெல்லின் எடை, ஈரப்பதம், தேதி, சேர வேண்டிய தொகை ஆகியவை சங்கக் கம்ப்யூட்டரின் தரவுத்தளத்தில் முறையாகப் பதியப்பட்டுள்ளன. ஆயினும் பட்டியல் தயாரிக்கும் நாளில் குமாஸ்தா திரையைப் பார்த்துப் பார்த்து, அவ்வெண்களை மறுபடியும் கையால் எக்ஸெல் தாளில் பதிகிறார். 4,250 கிலோ என்பது கைதவறி 2,450 ஆகிவிட்டால், கிலோவுக்கு 24 ரூபாய் வீதம் அக்குடியானவருக்கு 43,200 ரூபாய் நஷ்டம். தவறு வெளிப்படும் வரையில் சங்கத்தின் பேரிலும் குமாஸ்தாவின் பேரிலும் வீண் சந்தேகம் உண்டாகும்.

இத்தொல்லைக்கு மருந்து, எண்ணை இரண்டாம் முறை எழுதாதிருத்தலே. தரவுத்தளத்தில் உள்ள கணக்கை எக்ஸெல் தானாகவே எடுத்துக்கொள்ளுமாறு ஓர் இணைப்பை ஏற்படுத்தலாம். அவ்விணைப்புக்கு வேண்டிய கருவியே ஓ.டி.பி.ஸி. டிரைவர் என்பது. அதை நிறுவும் முறையும், அமைக்கும் முறையும், அதில் கவனிக்க வேண்டிய அபாயங்களும் சங்கக் காரியதரிசிகளுக்கும், கிராம அதிகாரிகளுக்கும், சொந்தப் பண்ணைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களுக்கும் பயன்படும்பொருட்டுக் கீழே விவரிக்கப்படுகின்றன.

தரவுத்தளம் யாது?

எக்ஸெல் தாள் ஒரு நோட்டுப் புத்தகம் போன்றது. தரவுத்தளமோ பூட்டுள்ள களஞ்சியம் போன்றது. களஞ்சியத்தில் ஒவ்வொரு தானியத்திற்கும் தனிக் குதிர் இருப்பதுபோல, தரவுத்தளத்தில் ஒவ்வொரு விஷயத்திற்கும் தனி அட்டவணை உண்டு. அங்கத்தினர் அட்டவணை ஒன்று. கொள்முதல் அட்டவணை மற்றொன்று. பட்டுவாடா அட்டவணை வேறொன்று. அங்கத்தினர் எண்ணைக் கொண்டு இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கலாம். இவ்வாறு அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை ஐ.பி.எம். கம்பெனியில் ஆராய்ச்சி செய்துவந்த எட்கர் காட் என்பவர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றும் பெரும்பாலான கணக்குகள் அம்முறையையே அனுசரிக்கின்றன.

தரவுத்தளங்களில் பல ஜாதிகள் உண்டு. மைக்ரோஸாப்டின் எஸ்.க்யூ.எல். ஸர்வர், மை-எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரெஸ் ஆகியவை பரவலாக வழங்குவன. இவற்றுள் போஸ்ட்கிரெஸ் அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியா ஸர்வகலாசாலையில் 1986ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது, போஸ்ட்கிரெஸ்-எஸ்.க்யூ.எல். என்னும் பெயர் அதற்கு 1996ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இதற்கு விலையோ ஆண்டுச் சந்தாவோ இல்லாமையால் சிறு சங்கங்களுக்கு ஏற்றது. ஆகவே இக்கட்டுரையில் அதனையே உதாரணமாகக் கொள்வோம். ஏனையவற்றிற்கும் முறை ஏறக்குறைய ஒன்றே.

டிரைவர் என்னும் துபாஷி

தரவுத்தளம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பாஷையில் பேசுகிறது. எக்ஸெல் அப்பாஷைகள் யாவற்றையும் அறிந்திருக்க இயலாது. முற்காலத்தில் வெளிநாட்டு வர்த்தகருக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் இடையே துபாஷி ஒருவர் நின்று பேச்சை மாற்றிச் சொன்னதுபோல, இங்கும் ஒரு துபாஷி வேண்டும். அத்துபாஷியே டிரைவர்.

ஆயின், எக்ஸெலும் துபாஷியும் எந்தப் பொதுப் பாஷையில் பேசுவது? அதற்கு மைக்ரோஸாப்ட் கம்பெனி 1992ஆம் ஆண்டில் ஒரு பொது விதியை வெளியிட்டது. அவ்விதியே ஓ.டி.பி.ஸி.; திறந்த தரவுத்தள இணைப்பு முறை என்று அதற்குப் பொருள் கூறலாம். இம்முறையில் நான்கு அங்கங்கள் உள்ளன என்பதை நினைவில் வைத்தால், பின்னால் குறை எங்கே நேர்ந்தது என்பதைச் சுலபமாகக் கண்டுகொள்ளலாம்.

முதலாவது, கணக்கைக் கேட்கும் புரோகிராம். நமது உதாரணத்தில் எக்ஸெல். இரண்டாவது, டிரைவர் மானேஜர்; இது விண்டோஸுடனேயே வருகிறது; எந்தத் துபாஷியை அழைப்பது என்பதை நிச்சயிப்பது இதன் தொழில். மூன்றாவது, டிரைவர், இதனை நாம் தேடி நிறுவ வேண்டும். நான்காவது, தரவு மூலம். அதாவது, எந்தக் கம்ப்யூட்டரில், எந்தத் தரவுத்தளத்தில், எந்தப் பெயரால் நுழைவது என்பதைக் குறிக்கும் விலாசச் சீட்டு. இச்சீட்டின் பெயர் டி.எஸ்.என். என்பது. டிரைவரை நிறுவியதோடு காரியம் முடிந்தது என்று எண்ணிப் பலர் ஏமாறுகின்றனர். துபாஷி வந்தால் மட்டும் போதாது. எந்த வீட்டிற்குப் போக வேண்டும் என்ற விலாசமும் அவர் கையில் இருக்க வேண்டும்.

முன்னேற்பாடுகள்

உழவுக்கு முன் ஏரையும் நுகத்தையும் சரிபார்ப்பதுபோல, பின்வரும் விவரங்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்ட பின்பே வேலையைத் தொடங்குதல் நலம்.

1. தரவுத்தளம் உள்ள கம்ப்யூட்டரின் பெயர் அல்லது எண் விலாசம். இது 192.168.1.10 என்பது போன்ற நான்கு பகுதிகளை உடையதாயிருக்கும். தரவுத்தளம் அதே கம்ப்யூட்டரில் இருக்குமாயின் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதினால் போதும்.

2. போர்ட் எண். ஒரு கம்ப்யூட்டருக்குப் பல வாசல்கள் உண்டு. எந்த வாசலில் தட்டுவது என்பதை இவ்வெண் குறிக்கும். இயல்பாகப் போஸ்ட்கிரெஸுக்கு 5432, மை-எஸ்.க்யூ.எல்.லுக்கு 3306, எஸ்.க்யூ.எல். ஸர்வருக்கு 1433.

3. தரவுத்தளத்தின் பெயர்.

4. நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும். இவை எப்படிப்பட்டவையாயிருத்தல் வேண்டும் என்பது பின்னர்க் கூறப்படும்.

5. கம்ப்யூட்டரில் புரோகிராம்களை நிறுவும் அதிகாரம். இவ்வதிகாரம் இல்லாதவர் டிரைவரை நிறுவ முயன்றால் பாதியில் நின்றுவிடும்.

வேலை தொடங்குமுன் தரவுத்தளத்தை ஒரு முறை நகல் எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துக. விதை நெல்லைத் தனியே எடுத்து வைத்த பின்பே மற்றதை விற்பது குடியானவர் வழக்கமன்றோ?

32 பிட்டும் 64 பிட்டும்

இவ்வேலையில் ஏற்படும் இடைஞ்சல்களுள் முதன்மையானது இதுவே. ஆகையால் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம்.

கம்ப்யூட்டர் புரோகிராம்கள் 32 பிட் என்றும் 64 பிட் என்றும் இரு வகைப்படும். உயரம் ஒவ்வாத இரு காளைகளை ஒரே நுகத்தில் பூட்டினால் ஏர் நேராக ஓடாது. அதுபோலவே 64 பிட் எக்ஸெலுக்கு 32 பிட் டிரைவர் உதவாது. 32 பிட் எக்ஸெலுக்கு 64 பிட் டிரைவர் உதவாது. இங்கே கவனிக்க வேண்டியது விண்டோஸின் பிட் அன்று. டிரைவரை அழைக்கும் புரோகிராமின் பிட்டேயாகும். விண்டோஸ் 11 என்பது 64 பிட் வகையில் மட்டுமே வருகிறது. எனினும் அதன்மேல் 32 பிட் ஆபீஸ் ஓடலாம். ‘விண்டோஸ் 64 பிட், ஆகவே டிரைவரும் 64 பிட்’ என்று முடிவு செய்வது இவ்விடத்தில் தவறாகும்.

எக்ஸெலின் பிட்டை அறியும் வழி எளிது. எக்ஸெலைத் திறந்து ‘பைல்’, பின்பு ‘அக்கவுண்ட்’, பின்பு ‘அபவுட் எக்ஸெல்’ என்பவற்றை அழுத்தினால், மேல்வரியில் 32 பிட் அல்லது 64 பிட் என்று எழுதியிருக்கும். ஆபீஸ் 2019 முதலாக, நாம் வேறு விதமாகக் கேட்டாலன்றி 64 பிட் வகையே நிறுவப்படுகிறது. அதற்கு முந்திய ஆபீஸை வைத்திருப்போர் பெரும்பாலும் 32 பிட் வகையையே உடையவராயிருப்பர்.

டிரைவரை நிறுவுதல்

போஸ்ட்கிரெஸ் டிரைவரின் பெயர் பி.எஸ்.க்யூ.எல்.-ஓ.டி.பி.ஸி. என்பது. இதனைப் போஸ்ட்கிரெஸ் அமைப்பின் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். சான்று பெற்ற விதைப் பண்ணையை விட்டுச் சந்தையில் கண்ட விதையை வாங்குவோருக்குக் களையும் நோயும் கூட வருவதுபோல, வேறு தளங்களில் கிடைக்கும் டிரைவர்களோடு கேடு செய்யும் புரோகிராம்களும் வரக்கூடும். ‘டிரைவர்களைத் தானே தேடித் தருவோம்’ என்று விளம்பரம் செய்யும் புரோகிராம்களையும் விலக்குக.

கோப்பின் பெயரில் ‘எக்ஸ்64’ என்றிருந்தால் அது 64 பிட். ‘எக்ஸ்86’ என்றிருந்தால் அது 32 பிட். இந்த 86 என்பது பழைய சில்லு ஒன்றின் வரிசைப் பெயரிலிருந்து வந்ததேயன்றிப் பிட்டைக் குறிப்பதன்று. எண் பெரிதாயிருப்பதால் அதுவே சிறந்ததென்று எண்ணலாகாது.

இறக்கிய கோப்பை இரு முறை சொடுக்குக. உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்து இசைவு தெரிவித்து, ‘நெக்ஸ்ட்’ என்னும் பொத்தானை அழுத்திக்கொண்டே போய், ‘பினிஷ்’ என்பதில் முடிக்க வேண்டும். சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும். மை-எஸ்.க்யூ.எல். டிரைவரை நிறுவுவோர் அதற்குமுன் மைக்ரோஸாப்டின் ‘விஷுவல் ஸி பிளஸ் பிளஸ்’ துணைக்கோப்புகளை நிறுவியிருக்க வேண்டும். அவை இல்லாவிடில் டிரைவர் இறங்க மறுக்கும்.

32 பிட் புரோகிராம் ஒன்றும் 64 பிட் புரோகிராம் ஒன்றும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்து, இரண்டுக்கும் இணைப்பு வேண்டுமாயின், இரு டிரைவர்களையும் நிறுவலாம். ஒன்று மற்றொன்றுக்கு இடையூறு செய்யாது.

விலாசச் சீட்டை எழுதுதல்

டிரைவர் நிறுவப்பட்ட பின், தேடும் பெட்டியில் ‘ஓ.டி.பி.ஸி.’ என்று ஆங்கிலத்தில் அடித்தால், ‘ஓ.டி.பி.ஸி. டேட்டா ஸோர்ஸஸ்’ என்னும் பெயரில் இரண்டு புரோகிராம்கள் தோன்றும். ஒன்று 32 பிட்டுக்கு. மற்றொன்று 64 பிட்டுக்கு. எக்ஸெலின் பிட் எதுவோ அதனையே திறக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இவ்விரு புரோகிராம்களின் கோப்புகளுக்கும் ஒரே பெயர்; அப்பெயரின் ஈற்றில் 32 என்னும் எண் இருக்கிறது. 64 பிட் கோப்பு ‘ஸிஸ்டம்32’ என்னும் போல்டரிலும், 32 பிட் கோப்பு ‘ஸிஸ்-வாவ்64’ என்னும் போல்டரிலும் வைக்கப்பட்டுள்ளன. பெயருக்கும் பொருளுக்கும் நேர் விரோதம். பழைய புரோகிராம்கள் கெடாதிருக்கும்பொருட்டு முன்பிருந்த பெயர்களை மாற்றாமல் விட்டதன் விளைவே இது. ஆகையால் போல்டருக்குள் சென்று தேடாமல், பிட் குறிக்கப்பட்டுள்ள மேற்கூறிய பெயர்களைக் கொண்டே திறப்பது நலம்.

திறந்தவுடன் மேல்வரியில் பல தலைப்புகள் காணப்படும். அவற்றுள் ‘யூஸர் டி.எஸ்.என்.’ என்பது உள்ளே நுழைந்திருக்கும் ஒருவருக்கு மட்டும் உரிய சீட்டு, ‘ஸிஸ்டம் டி.எஸ்.என்.’ என்பது அக்கம்ப்யூட்டரை உபயோகிக்கும் எல்லோருக்கும் பொதுவானது, ‘பைல் டி.எஸ்.என்.’ என்பது தனிக் கோப்பாக எழுதப்பட்டுப் பிறரோடு பகிரத்தக்கது. சங்க அலுவலகத்தில் குமாஸ்தாக்கள் மாறி மாறி உட்காருவதால் ‘ஸிஸ்டம் டி.எஸ்.என்.’ ஏற்றது, சொந்தப் பண்ணைக் கணக்குக்கு ‘யூஸர் டி.எஸ்.என்.’ போதுமானது. ‘டிரைவர்ஸ்’ என்னும் தலைப்பில் நாம் நிறுவிய டிரைவரின் பெயர் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்க. ‘டிரேஸிங்’ என்னும் தலைப்பைக் காரணமின்றித் தொடலாகாது. அதனைத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு சொல்லும் கோப்பில் எழுதப்பட்டுக் கம்ப்யூட்டர் மந்தமாகிவிடும்.

இனிச் செய்ய வேண்டியவை வருமாறு:

1. ‘ஸிஸ்டம் டி.எஸ்.என்.’ தலைப்பில் ‘ஆட்’ என்னும் பொத்தானை அழுத்துக.

2. வரும் பட்டியலில் ‘போஸ்ட்கிரெஸ்-எஸ்.க்யூ.எல். யூனிகோட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க. 64 பிட் ஆனால் அதன் பக்கத்தில் ‘எக்ஸ்64’ என்றிருக்கும். அருகிலுள்ள ‘ஆன்ஸி’ என்பதை எடுக்கலாகாது. காரணம் கீழே சொல்லப்படும்.

3. ‘டேட்டா ஸோர்ஸ்’ என்ற இடத்தில் சீட்டுக்கு ஒரு பெயர் இடுக. ஆண்டையோ பருவத்தையோ பெயரில் சேர்க்காமல், ‘சங்கக் கொள்முதல்’ என்பதுபோல் நிலையான பெயரை ஆங்கில எழுத்தில் இடுதல் வசதி.

4. ‘டேட்டாபேஸ்’, ‘ஸர்வர்’, ‘போர்ட்’, ‘யூஸர் நேம்’, ‘பாஸ்வேர்ட்’ என்ற இடங்களில், முன்பு காகிதத்தில் எழுதிய விவரங்களைப் பிழையின்றி நிரப்புக. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதத்தைக் கவனிக்க வேண்டும்.

5. ‘எஸ்.எஸ்.எல். மோட்’ என்ற இடம், போகும் செய்தியை வழியில் பிறர் படிக்கவியலாதவாறு மறைத்தனுப்புவதைப் பற்றியது. ஸர்வரில் அவ்வசதி செய்யப்பட்டிருந்தால் ‘ரிக்வயர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க.

6. ‘டெஸ்ட்’ என்னும் பொத்தானை அழுத்துக. இணைப்பு வெற்றி பெற்றது என்ற செய்தி வந்தால் ‘ஸேவ்’ என்பதை அழுத்தி முடிக்க. வராவிடில், பின்னால் தரப்பட்டுள்ள பரிகாரங்களைப் பார்க்க.

கடவுச்சொல்லைச் சீட்டிலேயே எழுதி வைத்தால், கம்ப்யூட்டரை நன்கறிந்த வேறொருவர் அதனைத் தேடியெடுக்க இடமுண்டு. ஆகவே பரீட்சை முடிந்தவுடன் அவ்விடத்தை வெறுமையாக்கிவிட்டு, வேண்டும்போது எக்ஸெலில் கொடுப்பதே பாதுகாப்பு.

எக்ஸெலில் கணக்கைத் திறத்தல்

எக்ஸெலில் ‘டேட்டா’ என்ற தலைப்பில் ‘கெட் டேட்டா’, அதனுள் ‘பிரம் அதர் ஸோர்ஸஸ்’, அதனுள் ‘பிரம் ஓ.டி.பி.ஸி.’ என்பதைத் தேர்ந்தெடுக்க. நாம் எழுதிய சீட்டின் பெயர் பட்டியலில் காணப்படும். அதனை எடுத்தபின் நுழைவுப் பெயர் கேட்கும். இடப்புறத்தில் ‘டேட்டாபேஸ்’ என்ற பிரிவில் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க. உடனே அட்டவணைகள் யாவும் வரிசையாகத் தோன்றும். கொள்முதல் அட்டவணையைத் தேர்ந்து ‘லோட்’ என்பதை அழுத்தினால், கணக்கு முழுவதும் தாளில் வந்து நிற்கும். அடுத்த வாரம் புதிய கணக்கு வேண்டுமாயின் மறுபடி இவையெல்லாம் செய்ய வேண்டுவதில்லை. ‘ரிப்ரெஷ் ஆல்’ என்ற ஒரு பொத்தானே போதும்.

மூன்று விஷயங்களை இங்கே நினைவில் வைக்க வேண்டும். முதலாவது, எக்ஸெல் தாளில் வந்துள்ள எண்ணை அங்கேயே திருத்தினால், அத்திருத்தம் தரவுத்தளத்திற்குப் போகாது; அடுத்த ‘ரிப்ரெஷ்’ செய்தவுடன் மறைந்தும் போகும். பிழை கண்டால் மூலத்திலேயே திருத்த வேண்டும். இரண்டாவது, ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் கொள்ளாது. பல ஆண்டுக் கணக்குகளை ஒருங்கே இறக்காமல் வேண்டிய பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்க.

மூன்றாவது, பட்டுவாடாவைப் பொறுத்தவரையில் மிக முக்கியமானது. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்துக்கொள்ளும். அதற்குமேல் உள்ள இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். பாங்கிக் கணக்கு எண் 16 இலக்கங்களை உடையதாயிருந்து, அது எண்ணாகப் பதியப்பட்டிருந்தால், கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறி, ஒருவருடைய பணம் வேறொருவருக்குச் செல்லவோ திரும்பி வரவோ நேரும். கணக்கு எண்ணின் முன்னே உள்ள பூஜ்யமும் இவ்வாறே மறைந்துபோகும். ஆகையால் தரவுத்தளத்தில் பாங்கிக் கணக்கு எண், கைபேசி எண் முதலியவற்றை ‘எண்’ வகையில் வைக்காமல் ‘எழுத்து’ வகையில் வைக்க வேண்டும். கூட்டிக் கழிக்கப்படாத எந்த எண்ணும் எழுத்தாகவே இருக்கட்டும் என்பது நல்ல விதி.

தமிழெழுத்தைப் பற்றிய எச்சரிக்கை

‘யூனிகோட்’ டிரைவரையே எடுக்க வேண்டும் என்று மேலே கூறினோம். காரணம் இதுவே: பழைய ‘ஆன்ஸி’ முறையில் ஓர் எழுத்துக்கு ஒரு சிறு அறை மட்டுமே உண்டு, ஆங்கில எழுத்துகளுக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. யூனிகோடின் யு.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று அறைகளைக் கொள்கிறது. ‘நெல்’ என்ற சொல்லில் நகரம், எகரக் கொம்பு, லகரம், புள்ளி என நான்கு குறிகள் இருப்பதால் அதற்கு 12 அறைகள் வேண்டும். ஒற்றையறை உள்ள வழியில் இதனை அனுப்ப முயன்றால், அங்கத்தினர் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். அவ்வித பட்டியலைக் கொண்டு யாருக்கு எவ்வளவு என்று எவரும் சொல்ல முடியாது. டிரைவர் யூனிகோட் வகையாயிருந்தும் கேள்விக்குறிகள் வந்தால், தரவுத்தளமே யு.டி.எப்.-8 முறையில் படைக்கப்படவில்லையென்று அறிக. அக்குறையை டிரைவரால் தீர்க்க இயலாது. நகல் எடுத்து, புதிய தரவுத்தளம் படைத்து, பெயர்களை மீண்டும் பதிய வேண்டிவரும். ஆகவே தொடக்கத்திலேயே இதனைச் சரிபார்த்துக்கொள்க.

மடையைத் திறக்கலாம், கரையை வெட்டலாகாது

ஏரியிலிருந்து நீர் எடுக்க உரிமை உள்ளவர் யாவருக்கும் கரையை வெட்டும் உரிமை இல்லை. பட்டியல் தயாரிப்பவருக்குக் கணக்கைப் பார்க்கும் உரிமை போதும். மாற்றவும் அழிக்கவும் உரிமை வேண்டியதில்லை. இவ்விஷயத்தில் பல இடங்களில் அசிரத்தை காணப்படுகிறது. தரவுத்தளத்தின் முழு அதிகாரமுள்ள ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற தலைமைப் பெயரையே எல்லோரும் உபயோகிக்கின்றனர். இது களஞ்சியச் சாவியை வாசற்படியில் தொங்கவிடுவதை ஒக்கும்.

எக்ஸெலால் கணக்கு கெடாது என்று முன்பு கூறினோமாயினும், ‘ஆக்ஸெஸ்’ முதலிய வேறு புரோகிராம்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஓ.டி.பி.ஸி. மூலம் ஆக்ஸெஸில் ஓர் அட்டவணையை ‘லிங்க்’ செய்தால், திரையில் காண்பது நகல் அன்று, மூலமே. அங்கே ஒரு வரியை அழித்தால் சங்கத்தின் கணக்கிலேயே அவ்வரி அழிந்துவிடும். ஒருவருடைய பருவ முழுமையின் விளைச்சல் ஒரு விரலசைவில் கணக்கினின்றும் மறையும்.

ஆகையால் தரவுத்தளத்தைப் பராமரிப்பவரைக் கொண்டு, பட்டியலுக்கென்றே தனியாக ஒரு நுழைவுப் பெயரை உண்டாக்கி, வேண்டிய அட்டவணைகளின்மேல் ‘ஸெலக்ட்’ என்னும் பார்வை உரிமையை மட்டும் ‘கிராண்ட்’ கட்டளையால் அளிக்கச் செய்க. டிரைவரின் ‘டேட்டா ஸோர்ஸ்’ பொத்தானுக்குள் ‘ரீட் ஒன்லி’ என்ற கட்டமும் உண்டு, அதனையும் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அது மட்டும் போதாது. டிரைவரில் இட்ட தடையை அக்கம்ப்யூட்டரில் இருப்பவர் நீக்கிவிடலாம். தரவுத்தளத்தில் இட்ட தடையை நீக்க முடியாது.

5432 என்ற வாசலைச் சங்க அலுவலகத்திற்குள் மட்டுமே திறந்து வைக்க வேண்டும். இணையத்தை நோக்கித் திறந்துவிட்டால் உலகெங்கும் உள்ள திருடர் அதனைத் தட்டிப் பார்ப்பர். பிறருக்குச் சொந்தமான தரவுத்தளத்தினுள் அனுமதியின்றி நுழைய இக்கருவியை உபயோகிப்பது 2000ஆம் ஆண்டின் இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திற்கு விரோதமானது என்பதையும் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நேரிடும் குறைகளும் பரிகாரங்களும்

1. ‘தரவு மூலத்தின் பெயர் காணப்படவில்லை, இயல்பான டிரைவரும் குறிக்கப்படவில்லை’ என்ற பொருளில் ஐ.எம்.002 என்னும் எண்ணோடு வரும் செய்தி: சீட்டின் பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம், அல்லது ஒருவர் ‘யூஸர் டி.எஸ்.என்.’ ஆக எழுதியதை வேறொருவர் தேடுகிறார். அல்லது வேறு பிட்டில் சீட்டு எழுதப்பட்டிருக்கிறது.

2. ஐ.எம்.014 என்னும் எண்: டிரைவருக்கும் புரோகிராமுக்கும் பிட் ஒவ்வவில்லை. ஏற்ற பிட் டிரைவரை நிறுவி, அதே பிட் புரோகிராமில் சீட்டை மீண்டும் எழுதுக.

3. இணைப்பு மறுக்கப்பட்டது என்ற செய்தி: துபாஷி வீடு வரை சென்றார், வாசல் திறக்கவில்லை. போர்ட் எண்ணைச் சரிபார்க்க. தரவுத்தளப் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க.

4. நெடுநேரம் காத்திருந்து பதிலின்றி முடிதல்: விலாசம் தவறு, அல்லது நடுவே ‘பயர்வால்’ என்னும் காவல் தடுக்கிறது. சில இடங்களில் மின்சாரம் போய் வந்தபின் ஸர்வரின் எண் விலாசம் தானே மாறிவிடுகிறது. ரௌட்டரில் அக்கம்ப்யூட்டருக்கு ஒரே விலாசத்தை நிலையாக ஒதுக்கிவைத்தால் இத்தொல்லை வராது.

5. அனுமதிக் கோப்பில் இடமில்லை என்ற செய்தி: போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தன் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருபவரை மட்டுமே ஏற்கும். ‘பி.ஜி.-எச்.பி.ஏ.’ என்னும் அனுமதிக் கோப்பில், குமாஸ்தாவின் கம்ப்யூட்டர் விலாசத்தையும், தரவுத்தளப் பெயரையும், நுழைவுப் பெயரையும் ஒரு வரியாக எழுதி, தரவுத்தளத்தை அக்கோப்பை மறுபடி படிக்கச் செய்ய வேண்டும். சிரமம் குறைவென்று எல்லா விலாசங்களையும் அனுமதிக்கும் வரியை எழுதுவது பெருந்தவறு.

6. கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்ற செய்தி: இதனைக் கண்டு மகிழ்ச்சியடையலாம், டிரைவர், விலாசம், வாசல் யாவும் சரி என்பதற்கு இதுவே அத்தாட்சி. பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் திருத்தினால் போதும்.

குறை நேர்ந்தவுடன் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிப் பார்ப்பது கூடாது. ஒரே வயலில் உரத்தையும் விதையையும் நீரையும் ஒருங்கே மாற்றினால், விளைச்சல் எதனால் கூடிற்று என்பது தெரியாமற்போவதுபோல, இங்கும் காரணம் புலப்படாது. ஒன்றை மாற்றி ஒருமுறை பரீட்சித்து, விளைவைக் குறித்துக்கொண்டு, அடுத்ததற்குச் செல்க.

செலவும் பராமரிப்பும்

போஸ்ட்கிரெஸுக்கும் அதன் டிரைவருக்கும் விலையில்லை. எக்ஸெலுக்கு மட்டும் உரிமத் தொகை உண்டு. அதனையும் தவிர்க்க விரும்புவோர் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே-ஆபீஸின் ‘பேஸ்’ என்ற பகுதியில் இதே டிரைவரை உபயோகிக்கலாம். லினக்ஸ் வைத்திருப்போருக்கு ‘யூனிக்ஸ்-ஓ.டி.பி.ஸி.’ என்ற டிரைவர் மானேஜர் உள்ளது. அங்கே சீட்டு, பொத்தான்களால் அன்றி, சாதாரண எழுத்துக் கோப்பாக எழுதப்படுகிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோஸாப்ட் வழக்கமாக அளித்துவந்த ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஆகையால் பணக்கணக்கு வைக்கும் கம்ப்யூட்டரை விண்டோஸ் 11க்கோ வேறொன்றுக்கோ மாற்றுதல் உசிதம்.

எழுதிய சீட்டின் பெயர், பிட், ஸர்வர் விலாசம், போர்ட், நுழைவுப் பெயர் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்துவைக்க. கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதலாகாது. குமாஸ்தா மாறிச் செல்லும்போது கடவுச்சொல்லையும் மாற்றிவிட வேண்டும்.

முடிவுரை

டிரைவர் கணக்கைத் திருத்தாது. உள்ளதை உள்ளபடி கொண்டுவந்து தரும். கிடங்கு வாசலில் எடை தவறாகப் பதியப்பட்டால் பட்டியலிலும் அத்தவறே வரும். ஆகவே முதற்பதிவில் கவனமும், அதனை அங்கத்தினர் கண்முன் படித்துக்காட்டி ரசீது கொடுக்கும் வழக்கமும் எப்போதும்போல அவசியம். ஆனால் அவ்வாறு சரியாகப் பதிந்த எண், நடுவழியில் கைமாறிக் கெடாமல் பட்டியல் வரை வந்து சேரும் என்ற நிச்சயத்தை இம்முறை அளிக்கிறது.

முதல் பட்டியலைத் தயாரித்தவுடன், பத்து அங்கத்தினர்களின் ரசீதுகளை வாங்கி, எடையையும் தொகையையும் பாங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் வரையிலும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க. பத்தும் ஒத்திருந்தால் பட்டுவாடாவுக்கு அனுப்பலாம். ஒன்று மாறியிருந்தாலும் நிறுத்திக் காரணத்தைக் கண்டறிக. சங்கக் காரியதரிசிகள் அறுவடை நெருக்கடி தொடங்குமுன், வேலை குறைவான ஒரு நாளில் இவ்விணைப்பை அமைத்துப் பரீட்சித்துவிடுவார்களாயின், கொள்முதல் காலத்தில் பட்டியல் தாமதமின்றி வெளிவரும். குடியானவரும் தமது நெல்லுக்குரிய பணத்தை, எடைக்கு எடை குறையாமல், உரிய காலத்தில் பெறுவர்.